ஐஸ் பெட்டிக்குள் முதலீட்டாளர்

பெட்டிக்குள் நெய்மீன் இல்லை.

முதலாளி இருந்தார்!

மீன் பிரிக்கும் ஞானபாய் போட்ட அலறலில், ஷெட்டின் தகரக் கூரை மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒன்றாக எழும்பிப் பறந்தன.

வெள்ளிக்கிழமை காலை. குளச்சல்.

மேலே ஒரு அடுக்கு ஐஸ். அதன் கீழே கணவாய் மீன். அதற்கும் கீழே, முழங்கால் மடங்கி, ஒருக்களித்து... ஞானதாசன். 'ஞானதாசன் கடலுணவு பிரைவேட் லிமிடெட்'டின் முதலாளி. புருவத்தில் பனி. கணவாய் கக்கிய கருப்பு மை கன்னத்தில் வழிந்து உறைந்திருந்தது.

பின்மண்டையில் ஒரு பள்ளம்.

இன்ஸ்பெக்டர் வடிவாம்பாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தேரூர்க்காரி. மீன் நுழையாத சைவ வீட்டில் பிறந்தவள். தன்னைக் கொண்டுபோய்க் குளச்சலில் போட்ட அதிகாரியை மனசுக்குள் ஒருமுறை திட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்தப் பெட்டிய எப்போ தொறந்தீங்க?"

"இப்பதாம் அம்மா." ஞானபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நேத்து கரையில மீனே இல்ல. புதன்கிழமை ராத்திரி ஊருல ஒரு சாவு. அடக்கம் முடியது வரைக்கும் ஒரு வள்ளமும் கடல்ல எறங்காது. கொச்சி லாரிக்காரன் வந்து நிக்கான், அவனுக்கு என்னத்தக் குடுக்க? அதாம் அடியில கெடந்த பழைய பெட்டிய இழுத்தோம்."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மீன் ஷெட்டில் புது மீன்தான் முதலில் போகும். விலை அதற்குத்தான். பழைய பெட்டி அடியில் கிடக்கும். தினமும் வள்ளம் வந்துகொண்டிருந்தால் அந்தப் பெட்டியை ஒருத்தரும் தொடமாட்டார்கள். ஐஸ் மட்டும் மேலே போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஞானதாசனை இந்தப் பெட்டியில் வைத்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது!

ஊரில் ஒருவர் சாவார் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

"மேடம்..." வாசலில் நின்ற லாரிக்காரன் மெதுவாகக் கூப்பிட்டான்.

"என்ன?"

"இல்ல... அவருக்க மேல கெடந்த கணவாய் நல்ல சரக்கு. கழுவிட்டு எடுத்துக்கலாமான்னு..."

வடிவாம்பாள் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள்.

ஏட்டு ஜெபமணி தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடி வந்தார். குளச்சலிலேயே பிறந்து வளர்ந்தவர். சட்டையில் இன்னும் சாம்பிராணி வாசனை. முந்தின நாள் முழுக்க அவருக்குச் சாவு வீட்டில்தான் வேலை.

"மீன் நாத்தம் மேடம். பைய பழகிரும்."

"மீன் நாறல ஏட்டையா," என்றாள் வாயைத் துடைத்தபடி. "அவன் கேட்டதுதான் நாறுது."

* * *

டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அடிச்சதுலதான் செத்திருக்காரு. எப்போன்னு கேக்காதீங்க."

"தோராயமா?"

"நம்ம கடிகாரத்தையே ஐஸ் நிறுத்தி வச்சிருக்கு மேடம். திங்களாவும் இருக்கலாம், வியாழனாவும் இருக்கலாம். கோர்ட்டுல நிக்கிற மாதிரி என்னால சொல்ல முடியாது."

திங்களா, வியாழனா? கொலை வழக்கில் அது பெரிய கேள்விதான்.

ஆனால் இந்த வழக்கில் அது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை ஒரு பெண்தான் வடிவாம்பாளுக்குச் சொன்னாள்.

பெபிஷா. ஞானதாசனின் ஒரே மகள். அப்பாவின் கம்பெனியில் அவளும் ஒரு டைரக்டர். அழுது வீங்கிய கண்களோடு, ஷெட்டை ஒட்டிய ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவ கடைசியா எப்போ பாத்த மக்கா?"

"திங்கள்கிழமை மத்தியானம் மேடம். செவ்வாய்க்கிழமை அவங்க போன்ல இருந்து மெசேஜ் வந்துது. கொச்சிக்குப் போறேன், வியாழக்கிழமை காலையில வந்துருவேன்னு."

"பேசலையா?"

"கூப்பிட்டேன். எடுக்கல. மெசேஜ்தான் வந்துட்டே இருந்துது."

"இப்ப அந்தப் போன்?"

"ஆஃப்ல கெடக்கு."

வடிவாம்பாள் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பாவுக்கு யாரோடயாவது பிரச்சினை?"

பெபிஷா கொஞ்சம் தயங்கினாள்.

"பிரச்சினைன்னு இல்ல மேடம். ஷார்ஜாவுல தொழில் தொடங்கணும்னு அப்பாவுக்குப் பெரிய ஆசை. இங்க இருந்து போற மீன அங்க வேற ஒருத்தன் வாங்கி மூணு மடங்கு வெலைக்கு விக்கியான். நாமளே அங்க ஒரு கம்பெனி பதிவு பண்ணி நேரா வித்தா என்னன்னு. கருங்கல் ஊருல ஒரு கன்சல்டன்ட் இருக்காரு, வைகுண்டராஜன். அவருதான் எல்லாம் செஞ்சாரு. என் வீட்டுக்காரர் சிஜோ அங்க போயி கையெழுத்துப் போட அப்பா பவர் எழுதிக் குடுத்திருந்தாங்க."

"பதிவு ஆயிட்டா?"

"புதன்கிழமை ஆச்சு." அவள் போனில் பதிவுச் சான்றிதழைக் காட்டினாள். "ஆனா தப்பா ஆயிருக்கு மேடம். திங்கள்கிழமை அப்பா எங்கிட்ட சொன்னது வேற. 'கம்பெனி வேண்டாம் மக்கா, கிளைதான். நம்ம குளச்சல் கம்பெனிக்க கிளை. இங்க இருந்து நீ பாத்துக்கணும்'னு சொன்னாங்க. இப்ப பாத்தா எல்.எல்.சி.ன்னு தனி கம்பெனி. சிஜோவுக்கு அறுபது பங்கு. மேனேஜரும் அவருதான். அப்பாவுக்கு நாப்பது."

"வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?"

"அப்பா செவ்வாய்க்கிழமை மனசு மாத்திட்டாங்களாம். மெசேஜ் இருக்காம். வாங்குறவங்க எல்லாரையும் அந்தக் கம்பெனிக்கு மாத்தி எழுதியாச்சு. இங்க இருக்கிறது இனி வெறும் ஷெட்டு மேடம். இருவது வருஷமா அப்பா கட்டுனது."

புரிகிறதா?

ஞானதாசன் புதன்கிழமைக்குப் பிறகு செத்தார் என்றால், அந்தக் கம்பெனி நிற்கும். பெபிஷாவிடம் மிஞ்சுவது தகரக் கூரையும் காக்கைகளும்.

புதன்கிழமைக்கு முன்பே செத்தார் என்றால்?

அதைச் சொல்ல ஒரு ஆள் கருங்கல்லில் இருந்தார்.

* * *

கருங்கல் சந்தைக்கு எதிரே, மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட அறை. சுவர் நிறைய உலகப் படம். ஏஸி. அத்தர் வாசனை மூச்சை முட்டியது.

குளச்சலில் மூக்கை விட்டு எடுத்த கைக்குட்டையை வடிவாம்பாள் இங்கே மறுபடியும் எடுத்தாள்.

வைகுண்டராஜன் ஏத்தம்பழ பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கையை யாருடைய பாஸ்போர்ட் நகலிலோ துடைத்துவிட்டு எழுந்து கும்பிட்டார்.

"கேள்விப்பட்டேன் மேடம். நெஞ்சு வெடிச்சுப் போச்சு. பஜ்ஜி எடுங்க."

"வேண்டாம். ஞானதாசன் என்ன கேட்டாரு உங்ககிட்ட?"

"ஷார்ஜாவுல தொழில் தொடங்கணும்னாரு. நான் எல்லாருக்கும் சொல்றதத்தான் அவருக்கும் சொன்னேன். வெளிநாட்டுல முதலீடு பண்ணப் போறவன் முதல்ல எந்த வாசல் வழியா உள்ள போறான்னு முடிவு பண்ணணும்."

"என்னென்ன வாசல்?"

அந்த ஆளின் முகம் மலர்ந்தது. ஒரு கொலையை விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது. ஒரு பஜ்ஜியை எடுத்து மேஜை நடுவில் வைத்தார்.

"இது இங்க உள்ள கம்பெனின்னு வச்சுக்கோங்க. கிளைன்னா இதுக்க கை அங்க வரைக்கும் நீளுதுன்னு அர்த்தம். புதுசா யாரும் பொறக்கல. கை செய்த தப்புக்கு உடம்பு பதில் சொல்லணும். அங்க கடன் வந்தா இங்க உள்ள ஷெட்ட விக்கணும். ஆனா புடி முழுக்க இங்கதான் இருக்கும்."

"சரி."

"எல்.எல்.சி.ன்னா..." இன்னொரு பஜ்ஜியைத் தள்ளி வைத்தார். "தனி ஆளு. சட்டத்துக்க கண்ணுல புதுசா ஒரு மனுசன் பொறந்த மாதிரி. அவனுக்குன்னு சொத்து, அவனுக்குன்னு கடன். முங்கினா பங்குல போட்ட பணத்தோட நம்ம நஷ்டம் நின்னுரும். முன்னாடியெல்லாம் அந்த நாட்டுக்காரனுக்குப் பாதிக்கு மேல பங்கு குடுக்கணும். இப்ப முக்காவாசி தொழிலுக்கு அது வேண்டாம், நூறும் நம்ம பேர்லயே வைக்கலாம். ஆனா ஒரு மேனேஜர் பேரு போடணும். அவன் கையெழுத்துதான் அங்க எல்லாம்."

"ஃப்ரீ சோன்னு ஒண்ணு சொல்லுவாங்களே?"

"அட, மேடத்துக்குத் தெரிஞ்சிருக்கே. வரிச்சலுகை உள்ள தனி வளாகம், வாசல் லேசு. ஆனா பொதுவா அங்க இருந்து ஊருக்குள்ள நேரா கடை விரிச்சு விக்க முடியாது. மீன்காரனுக்கு ஊருக்குள்ளதானே யாவாரம்? தனி ஆள் பேர்ல உரிமம் எடுக்கலாம், ஆனா கடன் வந்தா வீட்டு வாசல் வரைக்கும் வந்துரும். அதெல்லாம் நானே வேண்டாம்னுட்டேன்."

"கடைசில ஞானதாசன் எதக் கேட்டாரு?"

பஜ்ஜி வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"திங்கள்கிழமை கிளைன்னாரு. செவ்வாய்க்கிழமை எல்.எல்.சி. போதும்னு மெசேஜ் வந்துது. வாடிக்கையாளர் மனசு மாறுறது சகஜம் மேடம்."

"நீங்க கூப்பிட்டுக் கேக்கலையா?"

"அவருதான் பவர் குடுத்திருக்காரே. சிஜோ பேசுனா அவரு பேசுன மாதிரி."

பவர்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வார்த்தை தெரியாத வீடு இல்லை. வளைகுடாவில் இருப்பவர் நிலம் வாங்கவும் வீடு கட்டவும் ஊரில் உள்ள மச்சினனுக்கோ மாமனுக்கோ எழுதித் தரும் பத்திரம். வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டுமென்றால் அதற்கு நோட்டரி முத்திரை, மாநில அரசு முத்திரை, டெல்லி முத்திரை, அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை. போய் இறங்கியதும் அரபியில் மொழிபெயர்ப்பு.

"அந்தப் பவருக்குக் காலக்கெடு உண்டா?" வடிவாம்பாள் கேட்டாள்.

"எழுதிக் குடுத்தவரு ரத்து செய்யது வரைக்கும் ஓடும்."

"செத்துட்டா?"

வைகுண்டராஜன் அவளைப் பார்க்கவில்லை. உலகப் படத்தைப் பார்த்தார்.

"செத்தா அதுவும் செத்துரும் மேடம். எத்தன முத்திரை இருந்தாலும் சரி, எழுதிக் குடுத்தவருக்க ஆயுசுதான் அதுக்கும் ஆயுசு. அதுக்குப் பொறவு போட்ட கையெழுத்து செல்லாது."

"அப்போ புதன்கிழமைக்கு முன்னால அவரு செத்திருந்தா?"

"கம்பெனியே இல்ல." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அவருதான் வியாழக்கிழமை உயிரோட இருந்தாரே. சிஜோ பேசியிருக்காராம்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சிஜோதான்... காலையில... போன்ல சொன்னாரு."

மாமனார் பிணமாகக் கிடைத்த காலையில் மருமகன் முதலில் போன் போட்டது கன்சல்டன்டுக்கு!

படியிறங்கும்போது ஜெபமணி முணுமுணுத்தார். "இவனையே தூக்கிரலாம் மேடம். மொகரையே சரியில்ல."

"மொகரைக்கு செக்ஷன் இல்ல ஏட்டையா. யோசிச்சுப் பாருங்க. பவர் சாவோட தீரும்னு தெரிஞ்சவன், பதிவுக்கு முன்னால அவர எதுக்குக் கொல்லணும்?"

"பதிவுக்குப் பொறவு கொன்னிருந்தா?"

"அப்போ இவனும் மாட்டலாம். கொச்சியில இருந்து வந்த வேற எவனும் மாட்டலாம். வெளிநாட்டுல இருந்த சிஜோ மட்டும் மாட்டமாட்டான்."

"அப்போ எல்லாம் அந்தக் கெழமையிலதான் நிக்குது."

"ஆமா," என்றாள் வடிவாம்பாள். "அது நம்ம கையில இல்ல. ஐஸ்ல கெடக்கு."

* * *

சிஜோ அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தான். ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம். அங்கிருந்து டாக்ஸி. நேராகக் குளச்சல் ஸ்டேஷன்.

வெள்ளைச் சட்டை. கருப்புக் கண்ணாடி. மறுபடியும் அதே அத்தர்!

உள்ளே வந்ததும் பெபிஷாவைக் கட்டிக்கொண்டு அழுதான். நன்றாகவே அழுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வைகுண்டராஜன் கூட மூக்கை உறிஞ்சினார். விசாரணைக்காக அவரையும் ஜெபமணி ஜீப்பில் ஏற்றிக் கொண்டு வந்திருந்தார்.

"நீங்க ஷார்ஜாவுக்குப் போனது?" என்றாள் வடிவாம்பாள்.

"செவ்வாய்க்கிழமை காலையில மேடம். இந்தா பாருங்க, பாஸ்போர்ட்ல சீல் இருக்கு." கேட்கும் முன்பே எடுத்து நீட்டினான். "நாளன்னைக்குத் திரும்பப் போகணும். பேங்க் கணக்கு தொறக்கணும். மேனேஜர் நேர்ல நிக்கணும்னு சொல்லுதான்."

"மாமனாரு அடக்கம்?"

"நாளைக்கே முடிச்சிரலாம்னு பாதர்ட்ட சொல்லிட்டேன்." கண்ணைத் துடைத்தான். "மேடம், ஒரு உதவி. செத்த தேதிய மட்டும் வியாழக்கிழமைன்னு சரியாப் போட்டுருங்க. பொறவு பேப்பர்ல தொந்தரவு வரக்கூடாது பாருங்க."

வடிவாம்பாள் பாஸ்போர்ட்டை மூடி மேஜை மேல் வைத்தாள்.

கணவாயைக் கழுவி எடுக்கலாமா என்று கேட்டவன் இவனைவிட நல்லவன்.

"வியாழக்கிழமைதான்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"நான் பேசுனேனே." போனை எடுத்துக் காட்டினான். வாட்ஸப் அழைப்பு. வியாழக்கிழமை காலை. மாமனாரின் பெயர். எடுத்துப் பேசியதற்கான அடையாளம் பளிச்சென்று இருந்தது. "பதிவு முடிஞ்ச விவரத்தச் சொன்னேன். சந்தோசப்பட்டாங்க."

பெபிஷா தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா... கடைசியா என்ன சொன்னாங்க சிஜோ?"

அவள் கேட்டது அப்பாவின் கடைசிப் பேச்சுக்காக மட்டும்தான். அதில் வேறு ஒன்றும் இல்லை.

சிஜோ அவள் தோளைத் தடவினான். "கொச்சியில இருந்து இப்பதான் வந்தேன் மக்கா, ஏலத்துல நிக்கேன், பொறவு பேசுவோம்னாங்க பெபி. அவங்களுக்கு எப்பவும் ஏலம்தானே."

ஜெபமணியின் கையிலிருந்த பேனா நின்றது.

பெபிஷாவின் அழுகையும் நின்றது.

வடிவாம்பாள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மூக்கிலிருந்து கைக்குட்டையை மட்டும் எடுத்தாள்.

"ஏலம் நடந்துட்டு இருந்துதா, வியாழக்கிழமை?"

"பின்ன? நல்லா கேட்டுதே மேடம். ஒரே இரைச்சல்."

"இரைச்சல்னா வேற எங்கயாவது கூட இருக்கலாமே. பஸ் ஸ்டாண்டு, சந்தை..."

"அய்யோ, இல்ல மேடம்." சிஜோ அவசரமாக மறுத்தான். சாட்சி பலமாக வேண்டுமே! "நான் இந்தக் கரையில பொறந்தவனாக்கும். ஏலச் சத்தம் எனக்குத் தெரியாதா? ததேயூஸ் மாமா நெய்மீன கூவி வித்துட்டு இருந்தாரு. அவருக்க தொண்டைய யாரு மறக்க முடியும்? தெளிவாக் கேட்டேன்."



ஜெபமணி மெதுவாக எழுந்து வந்து அவன் எதிரே நின்றார்.

"யாரு மக்கா? ஏலக்கார ததேயூஸ் அண்ணனா?"

"ஆமா ஏட்டையா. வேற எந்த ததேயூஸ்?"

"கூவி வித்தாரு?"

"ஆமா."

"வியாழக்கிழமை காலையில?"

"எத்தன தடவ கேப்பீங்க?"

"அந்நேரத்துல அவரு கோயில்ல இருந்தாருலே," என்றார் ஜெபமணி. "பெட்டிக்குள்ள. புதன்கிழமை ராத்திரி நெஞ்சுவலியில போனாரு. நானும்தான் தூக்கிட்டுப் போனேன். அவருக்க அடக்கத்துக்குத்தான் ஒரு வள்ளமும் எறங்கல. ஏலமும் இல்ல, இரைச்சலும் இல்ல. குளச்சல் முழுக்க சத்தமில்லாம கெடந்த நாளு அது."

சிஜோவின் முகம் வெளிறியது.

கரையில் பிறந்தவனுக்கு ஊர் வழக்கம் தெரியும். சாவு விழுந்தால் கடல் ஓய்வு என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சாவு விழுந்தபோது அவன் ஊரில் இல்லை. அவனைக் காப்பாற்ற வேண்டிய பாஸ்போர்ட் சீல்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது!

"ஒரு கையில உங்க போன்," என்றாள் வடிவாம்பாள். "இன்னொரு கையில மாமனாரு போன். ஷார்ஜாவுல ஒரே ரூமுக்குள்ள ஒண்ணு கூப்பிட்டுது, ஒண்ணு எடுத்துது. நடுவுல நீங்க மட்டும் உக்காந்திருந்தீங்க. அந்தப் போன் செவ்வாய்க்கிழமைக்குப் பொறவு எந்த நாட்டு டவர்ல இருந்துதுன்னு கேட்டு எழுதியாச்சு. பதில் வந்துரும். அதுக்கு முன்னால நீங்களே சொன்னா கொஞ்சம் மரியாதை."



பெபிஷா அவன் கையைத் தன் தோளிலிருந்து எடுத்து, நனைந்த துணியைப் போடுவது போலக் கீழே போட்டாள்.

"கிளைன்னு சொன்னதுக்கா?" என்றாள். "அதுக்கா அப்பாவ அடிச்சீங்க?"

அது போதுமானதாக இருந்தது. அவன் உடைந்தான்.

"பவர ரத்து பண்ணப் போறேன்னாரு பெபி... நாளைக்கு விமானம், இன்னைக்கு ரத்துன்னா நான் என்ன செய்ய? கிளைன்னா நான் அங்க சம்பளக்காரன். உனக்குக் கீழ வேல செய்யணும். கையில ஐஸ் உடைக்கிற சுத்தியல் இருந்துது..."

"பவர் கையில இருந்தா எல்லாம் நம்முதுன்னு நெனச்சீங்க," என்றாள் வடிவாம்பாள்.

"ஊருல எல்லாரும் அப்படித்தானே மேடம் நெனைக்காங்க!"

உண்மைதான். இந்த மாவட்டத்தில் பவர் வைத்திருப்பவன் வேலி கட்டுவான், வாடகை வாங்குவான், கிணறு வெட்டுவான். நாலு வருஷத்தில் அவனே உடைமைக்காரன் மாதிரி நடப்பான், ஊரும் அப்படியே நம்பும். எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருக்கும் வரைதான் அந்தக் காகிதத்துக்கு மூச்சு என்பதை யாரும் யோசிப்பதில்லை. சிஜோவும் யோசிக்கவில்லை. கொன்ற பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"யாருகிட்ட கேட்டீங்க?"

சிஜோவின் கண் பெஞ்சுக்குப் போனது.

வைகுண்டராஜன் நெளிந்தார்.

"திங்கள்கிழமை சாயங்காலம் இவருக்குப் போன் போட்டேன்," என்றான் சிஜோ. "மாமனாருக்கு ஒருவேளை ஏதாவது ஆச்சுன்னா பவர் செல்லுமான்னு கேட்டேன். செல்லாது, பதிவு முடியது வரைக்கும் அவரு உயிரோட இருந்தாகணும்னாரு. இல்லன்னா நான் எதுக்கு ஐஸ்ல... எதுக்கு மெசேஜ் அனுப்பணும்..."

"சும்மா பொதுவாக் கேட்டாரு மேடம்!" வைகுண்டராஜன் எழுந்தேவிட்டார். "சட்ட விளக்கம் சொன்னேன். அவ்வளவுதான்."

"மறுநாள் மெசேஜ் வந்ததும் புரியலையா?"

"புரிஞ்சுது... மாதிரி இருந்துது. ஆனா விண்ணப்பம் பாதி போயாச்சு மேடம். நடுவுல நிறுத்துனா கட்டுன கட்டணமெல்லாம் வீணாப் போயிரும்."

"இன்னைக்குப் பொணம் கெடச்ச பொறவும் சொல்லல."

"யாரும் நேரா கேக்கலையே."

ஒரு மனிதனை மீனுக்கு அடியில் அமுக்கி வைத்திருக்கிறார்கள். அதை ஊகித்துக்கொண்டே ஒருத்தர் ஏஸி அறையில் பஜ்ஜி தின்றுகொண்டு விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறார். வடிவாம்பாளுக்கு எச்சில் துப்ப வேண்டும் போல இருந்தது. சீருடை தடுத்தது.

பெபிஷா அவர் பக்கம் திரும்பினாள். அழுகை வற்றிய குரல்.

"அந்தக் கம்பெனி?"

"செல்லாது தாயே," என்று குழைந்தார் வைகுண்டராஜன். "பவர் திங்கள்கிழமையே செத்துப் போச்சு. பதிவ ரத்து பண்ணி, உங்க குளச்சல் கம்பெனிக்க பேர்லயே புதுசாக் கிளை தொறந்துரலாம். நானே குறைஞ்ச செலவுல..."

"ஒண்ணும் வேண்டாம்." பெபிஷா எழுந்தாள். "எந்த வாசல்னு அப்பாவே சொல்லிட்டுப் போயிருக்காங்க. எனக்கு வழி தெரியும்."

அவள் வெளியே போனாள். மாலை வெயிலில் துறைமுகத்துப் பக்கம் வள்ளங்கள் மறுபடி இறங்கும் சத்தம் கேட்டது. மீன் வாசனை உள்ளே வீசியது. வடிவாம்பாள் மூக்கைப் பொத்தவில்லை.

ஜெபமணி சிஜோவுக்கு விலங்கு மாட்டினார். வைகுண்டராஜன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அப்போ நான் கெளம்பட்டா மேடம்? எனக்கு இதுல நேரடிப் பொறுப்பு ஒண்ணும் இல்லல்ல? நான் தனி ஆளுதானே..."

வடிவாம்பாள் இன்னொரு விலங்கை மேஜை மேல் எடுத்து வைத்தாள்.

"நீங்க தனிக் கம்பெனி இல்ல வைகுண்டராஜன். சிஜோக்க கிளை. தலைமை அலுவலகம் எங்க போகுதோ, கிளையும் அங்கதான்."